மூன்றாம் பக்கத்தில் மல்லம்மாவின் படம்

மைசூரில் ஒரு கன்னட நாளிதழில் அனகா உதவி ஆசிரியராக இருந்தாள். செய்திப் பக்கங்களை அமைப்பது அவள் பொறுப்பு. பாலாறு சோதனைச் சாவடியில் மல்லம்மா என்ற பெண் கஞ்சாவுடன் பிடிபட்டதாக ஒரு செய்தி வந்தது, படம் வரவில்லை. அனகா பழைய படங்களில் அந்தப் பெயரைத் தேடி, முதலில் கிடைத்ததை எடுத்துப் போட்டாள். ஆசிரியர் சேகரன் பக்கத்தைப் பார்த்து ஓகே சொன்னார். மூன்றாம் பக்கத்தில், நான்கு பத்தி அகலத்தில் அது அச்சானது.

படத்தில் இருந்தவள் வேறு மல்லம்மா. ராமாபுரத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைப்பவள். இரண்டு வருடங்களுக்கு முன் சிறுதானியக் கண்காட்சியில் பரிசு வாங்கியபோது எடுத்த படம். பேப்பர் வந்த அன்றே பெற்றோர்கள் பள்ளி வாசலில் கூடிவிட்டார்கள். கொஞ்ச நாள் வரவேண்டாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

மல்லம்மா மூன்று முறை மைசூருக்கு பஸ் ஏறினாள். இரண்டு முறை வாசல் காவலாளியையே தாண்ட முடியவில்லை. மூன்றாவது முறை ஆசிரியர் சேகரன் அவளை உட்காரவைத்துப் பேசி, திருத்தம் போடுவதாகச் சொல்லி அனுப்பினார். ஒன்பதாம் பக்கத்தின் அடியில் டெண்டர் விளம்பரத்துக்கும் ராசிபலனுக்கும் நடுவே மூன்று வரி வந்தது. படமும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை. பெரிதாகப் போடலாம் என்று அனகா இருமுறை கேட்டுப் பார்த்தாள். பேப்பரின் மரியாதை போய்விடும் என்றார் சேகரன்.

அதே பேப்பரில் நிருபராக இருந்து விலகிய ஸ்மிதா, மைசூர் குவெம்புநகரில் தன் வீட்டிலேயே ஒரு பாட்காஸ்ட் நடத்திவந்தாள். பேப்பரும் டிவியும் தப்பாகச் சொல்லிவிட்டு மறந்துபோன மனிதர்களைத் தேடிப்பிடித்துப் பேசவைப்பாள். மல்லம்மாவைக் கண்டுபிடித்த பிறகு அனகாவுக்கு போன் செய்து, அந்தப் படம் எப்படி வந்தது என்று விசாரித்தாள். தான்தான் போட்டதாக அனகா ஒப்புக்கொண்டாள். மைக் முன்னால் வந்தும் சொல்வதாகச் சொன்னாள்.

விஷயம் சேகரன் காதுக்குப் போனது. அனகாவை அறைக்குக் கூப்பிட்டார்.

"அந்த போட்டோ உன் லாகின்லேருந்துதான் போயிருக்கு. எபிசோட் வந்தா உன் பேர்தான் மொதல்ல கெடும், யோசிச்சுக்கோ."

"கெடட்டும் சார். நானே சொல்லிடறேன். பக்கத்துக்கு ஓகே சொன்னது யாருன்னும் சொல்வேன்."

ஞாயிற்றுக்கிழமை பதிவு. மல்லம்மா அனகாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"படத்த எடுத்துப் போட்டது நீங்கதானுங்களா?"

"நான்தாங்க. ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கணும். கேக்கலே."

மல்லம்மா சொன்னாள்:

"மன்னிப்பெல்லாம் எனக்கு வேண்டாமுங்க. எந்தப் பக்கத்துல, எத்தாச்சோடு பெருசாப் போட்டீங்களோ, அதே பக்கத்துல அத்தாச்சோடு போட்டு, இவ இல்லைன்னு எழுதோணும்."

எபிசோட் வெளியானதும் பத்திரிகையிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அடுத்த எபிசோடில் ஸ்மிதா அதை ஒரு வரி விடாமல் வாசித்தாள். அதைக் கேட்டு, வேறு பேப்பர்களில் வேலைசெய்யும் பதினோரு பெண்கள் தங்கள் பெயரைப் போட்டே சேகரனுக்குக் கடிதம் எழுதினார்கள். அதில் இரண்டு பேர் அவருடைய அலுவலகத்திலேயே இருப்பவர்கள்.

முதல் எபிசோட் வெளியான பத்தொன்பதாம் நாள் மூன்றாம் பக்கத்தில், நான்கு பத்தி அகலத்தில், மல்லம்மாவின் படத்தோடு திருத்தம் வந்தது. தலைமையாசிரியர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். பெற்றோர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், பிடிபட்டவள் இவள் இல்லை என்று சொன்னால்தான் கரண்டியைத் தொடுவேன் என்று மல்லம்மா சொல்லியனுப்பினாள். அவரும் கூட்டம் போட்டுச் சொன்னார்.

அனகாவை ராஜினாமா எழுதச் சொன்னார்கள். காரணத்தை எழுதி நீங்களே நீக்குங்கள் என்றாள். "படத் தேர்வில் கவனக்குறைவு" என்று சேகரன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அனகா அதை பாட்காஸ்டில் வாசித்து, இது உண்மைதான் என்றாள். அந்தப் பக்கத்துக்கு ஓகே சொன்னவருக்கு இப்படி ஒரு கடிதம் யார் கொடுத்தார்கள் என்றும் கேட்டாள். பதில் வரவில்லை. இப்போது அவளும் ஸ்மிதாவோடு சேர்ந்து நடத்துகிறாள். ஒவ்வொரு எபிசோடையும் அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் ஆரம்பிக்கிறாள்.