சாய்ப்பு எந்தப் பக்கம்?

கிளெனிஸ் தன் புருஷனிடம் வாய்விட்டுக் கேட்ட பொருள் ஒன்றே ஒன்றுதான். ஒரு துணிச் சாய்ப்பு. பின்பக்கம் திறந்த யூட் வண்டியின் முதுகில், தங்குவதற்காக ஏற்றி வைத்திருந்த கேம்பர் பெட்டியின் பக்கவாட்டில், இழுத்தால் விரிந்து நிழல் தருமே, அது. அதற்கே அந்த மனுஷன் ஒத்துக்கொள்ளவில்லை.

மெர்வ் கெட்டவன் இல்லை. ஆனால் சாய்ப்பு என்று பேச்செடுத்தால் போதும், எங்கிருந்துதான் அந்தப் பிடிவாதம் வருமோ. காற்றடித்தால் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்பான். ஒரு பக்கம் கனம் கூடினால் வளைவில் வண்டி இழுக்கும் என்பான். எல்லாம் சாக்கு. அவன் பயந்தது வேறு. சாய்ப்பு வந்தால் அதன் கீழே பச்சைப் பிளாஸ்டிக் புல் வரும், புல் வந்தால் சாய்வு நாற்காலி வரும், அப்புறம் பூந்தொட்டி, கலர் விளக்கு, பக்கத்து வண்டிக்காரரோடு சீட்டாட்டம். கேம்ப் கேம்பாகக் குடித்தனம் நடத்தும் ஓய்வூதியக் கூட்டத்தில் தானும் ஒருவனாகிவிடுவோம் என்று அவனுக்கு நடுக்கம். "வண்டி வாங்கினது ஓடுறதுக்கா, உக்கார்றதுக்கா?" என்று ஒரு கேள்வி வைத்திருந்தான். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அதனால் கிளெனிஸ் பெட்டியின் நிழலில் உட்கார்ந்தாள். காலையில் மேற்குப் பக்கம், மாலையில் கிழக்குப் பக்கம். நிழல் நகர நகர மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவாள். உச்சி வெயிலில் நிழல் வண்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அப்போது என்ன செய்வது, அவளும் அடியிலா போய்ப் படுக்க முடியும்? இரண்டு வருஷம் முன்பு முழங்கைக்குக் கீழே ஒரு புள்ளி கறுத்தது. டாக்டர் அதை வெட்டி எடுத்துவிட்டு வெயிலில் இருக்காதே என்றார். அதற்கு மெர்வ் அவளுக்கு இன்னும் அகலமான தொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தான்.

இவ்வளவுக்கும் அவள் பொறுத்துப் போனதற்குக் காரணம் உண்டு. வையாலா உருக்காலையில் ஷிப்ட் ஷிப்டாக வேலை பார்த்தவன் மெர்வ். அவன் வரும்போது அவள் தூங்குவாள், அவள் எழும்போது அவன் தூங்குவான். ஞாயிற்றுக்கிழமை எதிரெதிரே உட்கார்ந்தால் சாப்பாட்டைத் தவிர பேச ஒன்றும் இருக்காது. வீடென்றால் அவனுக்கு வாய் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடும். ஓய்வு பெற்று இந்த வண்டியை வாங்கி, ஸ்டியரிங்கைப் பிடித்துக் கண்ணைச் சாலையில் பதித்த பிறகுதான் அவன் பேசவே ஆரம்பித்தான். அவன் அம்மாவைப் பற்றி, பயங்களைப் பற்றி, பிறந்த அன்றே போய்விட்ட அவர்களுடைய குழந்தையைப் பற்றிக்கூட. மரமே இல்லாத நல்லர்பார் வெளியில் ஒரு மத்தியானம் அதைச் சொல்லி அழுதான், வண்டியை நிறுத்தாமலே. கிளெனிஸைக் கேட்டால், அவளுக்குக் கல்யாணம் ஆனதே அந்த முன்சீட்டில்தான். வண்டி நின்றுவிட்டால் இந்த மெர்வ் போய் அந்தப் பழைய மெர்வ் திரும்பி வந்துவிடுவானோ என்பதுதான் அவளுடைய ஒரே பயம்.

அப்படிப்பட்டவன் ஸ்ட்ரீக்கி பே என்ற கடலோர ஊரில் ஒருநாள் காலை, டோஸ்டில் வெஜிமைட்டைத் தடவிக்கொண்டே, சாய்ப்பு போட்டுவிடலாம் என்றான்.

சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவளுக்குப் பயம்தான் வந்தது. இத்தனை வருஷம் ஒற்றைக் காலில் நின்றவன் சும்மா இறங்கி வருவானா? போன மாதம் போர்ட் லிங்கனில் டாக்டரிடம் போய்விட்டு வந்து, ரத்தத்தில் கொழுப்பு கொஞ்சம் கூடுதல் என்று சொல்லி வெண்ணெயை விட்டிருந்தான். அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை, பயம் மட்டும் கூடியது. பயந்தால் சண்டைக்குப் போவது அவள் சுபாவம். இந்தக் கடற்காற்றுக்குச் சாய்ப்பு தாங்காது என்றாள். இப்போதெல்லாம் கம்பி உறுதியாக வருகிறது என்றான் அவன். வளைவில் வண்டி இழுக்கும் என்றாள். இந்தக் கனத்துக்கெல்லாம் இழுக்காது, உன் தோலைக் கொஞ்சம் நினைத்துப் பார் என்றான். போன வாரம் வரைக்கும் அவன் பேசியதை இவள் பேசினாள், இவள் பேசியதை அவன் பேசினான். பக்கத்துக் கேம்பர்காரி டீக் கோப்பையோடு நின்று கேட்டுவிட்டு, இந்த இரண்டும் எப்போதும் இப்படித்தான் போல என்று உள்ளே போய்விட்டாள்.

கடைசியில் மெர்வ்தான் ஜெயித்தான். செடூனாவில் மனோலி என்று ஒருவன், சிப்பிப் பண்ணைக்காரர்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் கேன்வாஸ் தைப்பவன். அவனிடம் போவதாக முடிவாயிற்று.

வழி நெடுக மெர்வ் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நத்தையாக ஊர்ந்தான். பின்னால் வந்த கோதுமை லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டு முந்திப் போனான். வேறு நாளாயிருந்தால் மெர்வ் அவனுடைய ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பான். இன்றைக்கு வண்டியை இன்னும் ஓரத்துக்கு ஒதுக்கினான். நின்ற வண்டியில்தான் இவன் ஊமையாவான், ஓடுகிற வண்டியிலுமா என்று கிளெனிஸ் அவனையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மனோலி பெட்டியைச் சுற்றிவந்து, தட்டிப் பார்த்து, தலையை ஆட்டினான். பிறகு அவனுடைய தொழிலில் எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டான்.

"சுருட்டி வைக்கிற மாதிரி வேணுமா, இல்ல நிலையா நிக்கிற மாதிரியா?"

"நிலையாத்தான். பெட்டியை வண்டியிலேருந்து இறக்கி அதோட இரும்புக் கால்ல நிறுத்திடப் போறோம். ஸ்மோக்கி பேல நண்பன் ஒருத்தன் இடம் தர்றேன்னிருக்கான்" என்றான் மெர்வ்.

கிளெனிஸுக்கு இது புதுச் செய்தி. யார் நண்பன், எப்போது பேசினார்கள், யாரைக் கேட்டு? மனோலி விவரமானவன். அளவு நாடா எங்கேயோ வைத்துவிட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போய்விட்டான்.

கிளெனிஸ் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், மெர்வ் உடைந்துவிட்டான்.

"ரோட்டு நடுவுல வெள்ளைக் கோடு இருக்கில்ல, அது எனக்கு நேராத் தெரியல கிளென். பாம்பு மாதிரி நெளியுது. போன மாசம் நான் போனது கண் டாக்டர்கிட்ட. சரி பண்ண முடியாதாம், இருக்கிற பார்வையைக் கொஞ்ச நாள் காப்பாத்தலாமாம். இனிமே ஸ்டியரிங்கைத் தொடாதேன்னுட்டார்."

அவளுக்கு முதலில் வந்தது கோபம்தான். தொடாதே என்று சொன்ன பிறகா போர்ட் லிங்கனிலிருந்து இவ்வளவு தூரம் ஓட்டிக்கொண்டு வந்தாய், அந்தக் கோதுமை லாரியின் அடியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று திட்டினாள். திட்டத் திட்ட அழுகை வந்தது. அவன் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். கடைசியாக இந்த ஒரு பயணமாவது ஓட்டிவிடலாம் என்று நினைத்தானாம். சொல்லிவிட்டால் அதுவும் போய்விடுமே என்று பயந்தானாம். எழுபது வயசுக்கு மேல் இப்படி ஒரு சிறுபிள்ளைத்தனம்.

அப்புறம்தான் சாய்ப்பு விஷயத்துக்கு வந்தான். தன் ஆசைக்காக இத்தனை வருஷம் அவளை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு அலைந்து, வெயிலில் வாட்டிவிட்டதாக அவன் உண்மையிலேயே நம்பிக்கொண்டிருந்தான். கண்தான் போகிறது, இனிமேலாவது அவள் ஆசைப்படி ஓரிடத்தில் நிழலில் உட்காரட்டும் என்று கணக்குப் போட்டிருந்தான். தப்புக் கணக்கு. ஆனால் அதில் இருந்த பிரியத்தைப் பார்த்தபோது அவளுக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் கரைந்துவிட்டது.

அவன் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுவிட்டாள். பித்தான் சரியாகத்தான் இருந்தது, கழற்றி மறுபடி போட்டாள்.

"யோவ், நான் நிழல்தான் கேட்டேன். உன்னை நிக்கச் சொன்னேனா?"

மெர்வ் நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தின் நடுவில் இப்போது அவனுக்கு ஒரு மங்கல்தான் தெரியும் என்பது அவளுக்கு இன்னும் தெரியாது. அவன் கொஞ்சம் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் அவளைத் தேடிப் பிடித்தான். போகலாம்தான், ஆனால் யார் ஓட்டுவது என்று கேட்டான்.

"உன்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே எங்கப்பா பண்ணையில கோதுமை லாரி ஓட்டினவ நான். நீ விட்டுக்கொடுத்தாத்தானே இதை ஓட்ட?"

அவளுக்கு ஓட்டத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாததா என்ன. ஓட்டும்போது அவன் முகத்தில் வரும் அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனசில்லாமல்தான் இத்தனை வருஷம் அவள் சாவியைக் கேட்டதில்லை. அதை இன்றைக்கும் சொல்லவில்லை. சொன்னால் அவன் தாங்கமாட்டான்.

மனோலி நாடாவோடு திரும்பி வந்தான். அது முதலிலிருந்தே அவன் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. சுருட்டுகிற மாதிரியே போடு என்று கிளெனிஸ் சொன்னாள். அவன் மெர்வைப் பார்த்தான். மெர்வ் தலையாட்டினான். எந்தப் பக்கம் என்று கேட்டான் மனோலி.

"இடது பக்கம்" என்றான் மெர்வ். "அது அவ இறங்குற பக்கம். அவளுக்குத்தான் நிழல் வேணும்."

கிளெனிஸ் அவன் முன்னால் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். அவன் சட்டைப்பைக்குள் துழாவிச் சாவியை எடுத்தான். உடனே கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, அவள் கையில் வைத்து, அந்த விரல்களைத் தானே மூடினான்.

"இடது பக்கமே போடு மனோலி" என்றாள் அவள். "இனிமே அது இவன் பக்கம்."