ரெண்டாவது ட்ரிப்பில் போனவர்கள்

காமர்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துவது என் வேலை. ஏலக்காய் விளையும் வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு சிறிய கல்லூரி. மற்ற விருப்பப் பாடங்களில் இடம் இல்லாமல் என்னிடம் வந்து விழுந்தவர்கள் இருபத்திரண்டு பேர். செல்லின் படத்தைப் போர்டில் வரைந்தால் அத்தனை பேரும் கொட்டாவி விட்டார்கள். எனக்குக் கொட்டாவியைக் கண்டாலே ஆகாது. பாடப்புத்தகத்தை மூடிவிட்டு, வாரம் ஒரு அறிவியல் செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக்கொண்டு போனேன். போர்டின் மூலையில் மூன்று கேள்விகளை நிரந்தரமாக எழுதிவைத்தேன். யார் எண்ணினார்கள்? எத்தனை எண்ணினார்கள்? எதோடு ஒப்பிட்டார்கள்? அதற்குப் பிறகு கொட்டாவி குறைந்தது, வாய் கூடியது.

பிரின்சிபல் பிச்சைமணி சாருக்கு இது பிடிக்கவில்லை.

"பேப்பர் வாசிக்கிறதுக்கு ஒரு டீச்சர் வேணுமா டீச்சரே? அடுத்த வருஷம் இதை எடுத்துட்டு டூரிசம் போடலாம்னு இருக்கு. வெள்ளிக்கிழமை கிளாசுக்கு வந்து பாத்துட்டு முடிவு பண்றேன்" என்றார்.

பாடம் போனால் நானும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

அந்த வாரச் செய்தி, மருந்து அடிக்கும் தோட்டங்களில் தேனீ குறைவதைப் பற்றியது. தேனீ வராமல் ஏலப்பூ காய் பிடிக்காது என்பது இங்கே எல்லார் வயிற்றோடும் சம்பந்தப்பட்ட விஷயம். நாமே எண்ணிப் பார்ப்போம் என்று, புதன்கிழமை வகுப்பை இரண்டாகப் பிரித்து, மருந்து அடிக்காத தோட்டம் ஒன்றுக்கும் அடிக்கிற தோட்டம் ஒன்றுக்கும் அனுப்பினேன். மாணவன் ரிஜினின் அப்பா, தோட்டத்து ஆட்களை ஏற்றிப்போகிற தன் ஜீப்பில் இரண்டு ட்ரிப் அடித்து எல்லாரையும் கொண்டுபோய் விட்டார். ஏலப்பூ செடித் தூரின் அடியில், தரையோடு தரையாக இருக்கும். மண்டி போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆளுக்கு ஒரு தூர், பத்து நிமிடம். மருந்து இல்லாத தோட்டத்தில் நாற்பத்தொரு தேனீ, மருந்துத் தோட்டத்தில் வெறும் ஆறு. அதைப் பெரிய சார்ட்டாக வரைந்து சுவரில் ஒட்டிவிட்டு, சாரின் முகம் போகப்போகிற போக்கை நினைத்து எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மாரீஸ்வரி எழுந்தாள். அவள் அம்மா அந்த மருந்துத் தோட்டத்தில் காய் எடுக்கிறவர்.

"டீச்சர், ஒரு சந்தேகம். மொத ட்ரிப்புல மருந்தில்லாத தோட்டத்துக்குப் போனவுக எண்ணுறப்ப மணி ஏழரை. ஜீப்பு திரும்பி வர்ற வழியில உரமூட்டை ஏத்தி எறக்கிட்டுத்தான் எங்கள ஏத்துச்சு. நாங்க எண்ணுறப்ப பதினொண்ணு. வெயில் ஏறுனா தேனீ கொறஞ்சுரும்னு எங்கம்மா சொல்லுது. அப்ப நாம மருந்தையா ஒப்பிட்டோம், நேரத்தையா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதலில் அவள் மேல். நாளைக்குப் பிரின்சிபல் வருகிறார், இன்றைக்கா கேட்பது? பிறகு என் மேல். மூன்றாவது கேள்வியை எழுதிப் போட்டவளே நான்தான். அதை எல்லாரிடமும் கேட்டேன், என் சார்ட்டிடம் மட்டும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை சார் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். சார்ட்டைப் பார்த்து, "கொள்ளாம்" என்று மலையாளத்தில் மெச்சித் தலையாட்டினார். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் பாடம் பிழைத்துக்கொள்ளும். இருபத்திரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள்.

"மாரீஸ்வரி, நேத்து கேட்டத இன்னைக்கும் கேளு" என்றேன்.

கேட்டாள். சார் எழுந்துபோய் சார்ட்டை மறுபடி பக்கத்தில் நின்று பார்த்தார்.

"அப்ப மருந்தால ஒண்ணும் இல்லைங்கிறியா?"

"அதுவும் தெரியாது சார்" என்றான் ரிஜின். "ரெண்டு தோட்டத்துலயும் ஒரே நேரத்துல எண்ணணும். எங்கப்பாகிட்ட இருக்கது ஒரு வண்டிதான்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மனதுக்குள் மூட்டையின் முதல் முடிச்சைப் போட ஆரம்பித்தேன்.

"என் வண்டியும் இருக்குல்ல" என்றார்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு இரண்டு தோட்டத்திலும் ஒரே நேரத்தில் எண்ணத் தொடங்கினார்கள். மருந்தில்லாத தோட்டத்தில், இஸ்திரி போட்ட பேண்ட்டோடு பிரின்சிபலும் ஒரு தூரின் அடியில் மண்டி போட்டிருந்தார். பத்து நிமிடம் கழித்து முழங்கால் நிறையச் சேற்றோடு என்னிடம் வந்தார்.

"ஏழு வந்துச்சு டீச்சரே. ஆனா ஒரே ஈ ரெண்டு தடவ வந்துச்சோன்னு சந்தேகமா இருக்கு. அத எப்படி எழுதறது?"

"எனக்கும் தெரியலை சார்."

அவர் முழங்கால் சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"சரி. அடுத்த வருஷப் பிள்ளைகள விட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க."