நாலு சக்கர பைக்கில் பெண் பார்த்தது

ரஞ்சனியை அதுவரை ஐந்து குடும்பங்கள் பார்த்துவிட்டுப் போயிருந்தன. ஐந்தாவதாக வந்தவர்கள் ஜன்னல் திரைச்சீலை எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரித்தார்கள், ஃபில்டர் காபியை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்கள், அப்படியே எழுந்து போனார்கள். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திரைச்சீலைக்கு மட்டும் பதில் வந்தது, நல்ல நிறம் என்று.

அன்று ராத்திரி ரஞ்சனி அம்மாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். "இனிமே யாரையும் ஊட்டுக்கு வரச் சொல்லாத. நானே வெளியில எங்கயாச்சும் போயிப் பார்த்துப் பேசிக்கறேன்."

அம்மா கருப்பம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் இறங்கி வந்தாள், ஒரு நிபந்தனையோடு. தாய்மாமன் தங்கையா கூடப் போவார்.

ஆறாவது வரன் நவநீதன். மேட்டுப்பாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீசியன், முப்பத்திரண்டு வயது. போட்டோவில் காதுகள் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தன. எங்கே சந்திக்கலாம் என்று அவள் வாட்ஸப்பில் கேட்டதற்கு அரை நாள் கழித்துப் பதில் வந்தது. 'கீழ் கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட்டில் நாலு சக்கர பைக்கில் காட்டோரமாகக் கூட்டிப் போகிறார்களாம். உங்களுக்கு விருப்பமா?'

கோத்தகிரி டீ ஃபேக்டரி ஆபீசில் வேலை பார்க்கும் ரஞ்சனிக்கு ஸ்கூட்டிகூட ஓட்டத் தெரியாது. ஏறிய ஒரே சைக்கிளும் ஆறாம் வகுப்பில் அவளைக் கேரட் தோட்டத்துக்குள் கொண்டுபோய்க் கொட்டியது. ஆனால் கீழே சமவெளியில் வெயிலில் காய்கிற மனிதன், மலையில் வண்டி ஓட்ட ஆசைப்படுகிறான் போலிருக்கிறது. மாட்டேன் என்றால் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடுவான். 'சூப்பர்' என்று அனுப்பினாள். அனுப்பிய பிறகு அந்த வார்த்தையைப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பழைய தேயிலைக் கொட்டகை ஒன்றின் முன்னால் மூன்று வண்டிகள் நின்றன. பார்க்கச் சின்ன டிராக்டருக்கும் பெரிய விளையாட்டுச் சாமானுக்கும் இடைப்பட்ட உருவம். தடித்த சக்கரங்களில் செம்மண் அப்பியிருந்தது. வழிகாட்டியின் பெயர் பேச்சி. நாற்பத்தைந்து வயது இருக்கும், காலில் ரப்பர் கம்பூட், தலையில் ஸ்கார்ஃப். அதே எஸ்டேட்டில் பதினான்கு வருஷம் இலை மூட்டை டிராக்டர் ஓட்டியவள்.

"புதுசா கல்யாணமானவங்களா?" என்றாள் பேச்சி.

"இல்லம்மா, இனிமேத்தான் பார்க்கணும்," என்றார் தங்கையா.

பேச்சி நவநீதனை மேலும் கீழும் பார்த்தாள். "இதுக்கு மேல என்னத்தப் பார்க்கறது? நல்லாத்தான இருக்காரு!"

நவநீதனின் காதுகள் சிவந்தன. போட்டோ பொய் சொல்லவில்லை என்று ரஞ்சனி நினைத்துக்கொண்டாள். அவனிடம் ஏதாவது பேசலாம் என்று வாயெடுப்பதற்குள் பேச்சி ஆளுக்கொரு ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துவிட்டாள். தங்கையா மட்டும் குரங்குக் குல்லாவைக் கழற்ற மறுத்தார். காலையில்தான் சளிக்கு மாத்திரை போட்டிருக்கிறாராம், காதில் காற்று படக்கூடாதாம். குல்லாவுக்கு மேலேயே ஹெல்மெட் ஏறியது.

"இங்க பாருங்க," பேச்சி ஹேண்டில்பாரைத் தட்டினாள். "வலது கட்டைவிரல்ல இத அமுக்குனா போகும், விட்டா மெதுவா நின்னுரும். பிரேக்கு ரெண்டு கையிலயும் இருக்குது. நம்ம எஸ்டேட்டு ரோட்ட விட்டு எறங்கக்கூடாது, அந்தப் பக்கம் ஃபாரஸ்டுக்காரங்க எடம். நான் கையத் தூக்குனா நில்லுங்க. உதட்டுல வெரல வச்சா இன்ஜின ஆஃப் பண்ணிட்டு ஒரு சத்தம் வரப்படாது. காட்டுமாடு இருக்குதுன்னு அர்த்தம்."

"காட்டுமாடா?" என்றான் நவநீதன். அன்று அவன் ரஞ்சனியின் காதில் விழப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நாம சும்மா இருந்தா அதும் சும்மா இருக்குமுங்க."

முதல் வண்டியில் பேச்சியும் பின்சீட்டில் தங்கையாவும். அடுத்து ரஞ்சனி. கடைசியில் நவநீதன். புறப்பட்ட வேகத்தில் ரஞ்சனிக்கு உயிரே போய்விட்டது. அது அவள் மனதில் மட்டும் இருந்த வேகம். பக்கவாட்டில் இலைக்கூடையோடு நடந்துபோன இரண்டு பெண்கள் அவளைச் சுலபமாகத் தாண்டிப் போனார்கள். பின்னால் நவநீதனின் வண்டி ஒவ்வொரு நிமிஷமும் உறுமும், பிறகு விக்கும், பிறகு மறுபடி உறுமும். ரசித்து ஓட்டுகிறான் போல, என்று நினைத்தாள்.

தேயிலைச் சரிவு முடிந்து சோலை தொடங்கும் இடத்தில் பாதை அகலமாகித் திரும்புகிறது. அங்கே பேச்சி கையைத் தூக்கினாள். உடனே விரலை உதட்டில் வைத்தாள். ரஞ்சனி சட்டென்று நின்றாள். நவநீதன் நிற்கவில்லை. பிரேக்கைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவன் வண்டி ரஞ்சனியைத் தாண்டி உருண்டு, பேச்சியின் வண்டிக்குப் பக்கத்தில் தோளோடு தோளாகப் போய் நின்றது. எல்லா இன்ஜின்களும் அடங்கின.

முப்பது அடி தூரத்தில், பாதையின் நடுவே, ஒரு காட்டெருமைக் கிடா நின்றது. கறுத்து மினுங்கும் உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளை. அதற்குப் பின்னால் இரண்டு பசுக்கள். அவற்றுக்கு நடுவே ஒரு கன்று சாவகாசமாகப் படுத்திருந்தது. யாருக்கும் எங்கும் போகிற அவசரம் இல்லை.

பேச்சி வண்டியிலிருந்து ஓசைப்படாமல் இறங்கினாள். வளைவுக்கு அப்பால் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று பார்க்கக் குனிந்து நாலெட்டு போனாள். அதே நேரம் கிடா தலையைத் தூக்க, அவள் ஒரு தேயிலைச் செடியின் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து அசைய முடியவில்லை.

பனிமூட்டம் இறங்கியது. சத்தமே இல்லை. பிறகு, கர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்தது.

ஏதோ ஒரு வண்டியின் இன்ஜினை அணைக்காமல் விட்டுவிட்டார்கள் என்றுதான் ரஞ்சனி முதலில் நினைத்தாள். தன் சாவியைத் தொட்டுப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது. மறுபடி கர்ர்ர். இந்த முறை முடிவில் ஒரு விசில். மாமா! மாத்திரை வேலை செய்துவிட்டது. பின்சீட்டின் கம்பியில் சாய்ந்து, தலையை அண்ணாந்து, வாயைத் திறந்து, ஹெல்மெட்டுக்குள் எதிரொலிக்கத் தங்கையா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

கிடாவின் இரண்டு காதுகளும் இந்தப் பக்கம் திரும்பின. அது ஓரடி வைத்தது. இன்னும் ஓரடி. செடிக்குப் பின்னாலிருந்து பேச்சி இரண்டு கைகளாலும் ஏதேதோ சைகை செய்தாள். அடுத்த குறட்டை இன்னும் கம்பீரமாக வந்தது.

அப்போதுதான் நவநீதன் கையை நீட்டினான். எட்டி, மெல்ல, ஊசி போடப் போகிறவன் போல, தங்கையாவின் தாடைக்கு அடியில் உள்ளங்கையை வைத்து மேலே தூக்கினான். வாய் மூடியது. குறட்டை நின்றது. கிடாவும் நின்றது.

கையை எடுத்தான். கர்ர்ர். மறுபடி வைத்தான். இனி எடுக்க வழியில்லை என்று தெரிந்தது.

ரஞ்சனி பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷம் ஆனது, பத்து நிமிஷம் ஆனது. நீட்டிய கை முதலில் விறைத்தது, பிறகு நடுங்கியது. இடது கைக்கு மாற்றிக்கொண்டான். பெண் பார்க்க வந்தவன், பெண்ணின் மாமாவுடைய முள்ளு முள்ளான தாடையைத் தாங்கிக்கொண்டு, கண்ணைக் காட்டெருமையிடமிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். அவள் பார்க்கிறாளா என்று அவன் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அதுதான் அவளுக்குப் பிடித்திருந்தது. இதுவரை வந்த ஐந்து பேரும் அவள் பார்க்கிறாளா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வொன்றும் செய்தார்கள்.

மெதுவாக இறங்கி, அடி மேல் அடி வைத்து, மாமாவின் மறுபக்கம் போய் நின்றாள். 'நான் பிடிக்கிறேன்' என்று கண்ணால் சொன்னாள். கை மாறிய இடைவெளியில் ஒரு சின்ன கர்ர் தப்பித்து வெளியே வந்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கிடா பொறுத்துக்கொண்டது.

நவநீதன் கையை உதறிக்கொண்டான். பேச்சியின் வண்டி மட்கார்டில் செம்மண் பூசியிருந்தது. அதில் விரலால் எழுதினான். 'பயமா?'

அவள் காலியாக இருந்த கையால் எழுதினாள். 'ஆமா.'

'எனக்கும்.'

கன்று காதை ஆட்டியது. எழுந்திருக்கிற உத்தேசம் தெரியவில்லை. அவன் கொஞ்சம் தள்ளி எழுதினான். 'வண்டி ஓட்ட ரொம்பப் பிடிக்குமா?'

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். ஒரு கையில் மாமாவின் தாடையை வைத்துக்கொண்டு பொய் சொல்வது கஷ்டம். 'சுத்தமாப் பிடிக்காது.'

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மட்கார்டில் மிச்சமிருந்த இடம் முழுவதும் எழுதினான். 'எனக்கும். மலைப் பொண்ணு, பிடிக்கும்னு நெனச்சேன்.'

ரஞ்சனிக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. உதட்டைக் கடித்தாள். தோள் குலுங்கியது, கை குலுங்கியது, கையோடு மாமாவின் தலையும் ஹெல்மெட்டும் ஆமாம் ஆமாம் என்பதுபோல் ஆடின. அதைப் பார்த்த நவநீதன் தன் ஜாக்கெட் கையை வாயில் திணித்துக்கொண்டு வண்டியின் மேல் கவிழ்ந்தான். கண்களில் நீர் வழிந்தது. அப்படிச் சிரித்து இருவருக்கும் எத்தனை வருஷம் ஆயிற்றோ, அதுவும் சத்தமே இல்லாமல்.

கடைசியில் கன்றுதான் மனம் வைத்தது. எழுந்து, சோம்பல் முறித்து, சரிவில் இறங்கியது. பசுக்கள் பின்னாலேயே போயின. கிடா மட்டும் நின்று இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மூட்டத்துக்குள் நடந்தது.

பேச்சி செடிக்குப் பின்னாலிருந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். "எங்கிருந்துங்க அந்தச் சத்தம் வந்துச்சு? பின்னாடி இன்னொரு கிடா நிக்குதுன்னு நெனச்சு எனக்குக் கைகாலெல்லாம் வெலவெலத்துப் போச்சு!"

அந்தக் குரலில் தங்கையா கண் விழித்தார். தாடையில் மருமகளின் கை. "என்னா புள்ள பண்ற? பல்ல எண்ணுறியா?"

"தூங்கிட்டீங்க மாமா."

"யாரு, நானா? மெய்யாத்தான் சொல்றேன், கண்ண மூடிக்கிட்டு இருந்தேன், அவ்வளவுதான். சின்ன வயசுல சிலோன் தோட்டத்துல யானையவே பக்கத்துல பார்த்தவன் நான். ஒரு மாட்டுக்கு முன்னால தூங்குவேனா?" சுற்றும் முற்றும் பார்த்தார். "சரி, எங்க அந்த மாடு?"

திரும்பும் வழியில் பிடிக்காத வண்டியை ஓட்டுவது இருவருக்கும் சுலபமாக இருந்தது. நன்றாக ஓட்டுவதாகக் காட்டிக்கொள்ள வேண்டியதில்லை. நவநீதன் ஒரு திருப்பத்தில் நேராகத் தேயிலைச் செடிக்குள் போய் நின்று, "ஏனுங்க, ரிவர்ஸ் எதுங்க?" என்று கத்தினான். அவனைப் பார்த்துச் சிரித்த ரஞ்சனியின் வண்டி ஓரத்துக் கால்வாயில் ஒரு சக்கரத்தை இறக்கியது. பேச்சி இரண்டு வண்டிகளையும் தானே வெளியே எடுத்துக் கொடுத்தாள். "பதினாலு வருசம் டிராக்டர் ஓட்டுனேன், இப்படி ஒரு ஜோடிய நான் பார்த்ததில்லை," என்றாள்.

கொட்டகையில் சூடாக இஞ்சி டீ கொடுத்தார்கள். தங்கையா குல்லாவைச் சரிசெய்துகொண்டு விசாரணையை ஆரம்பித்தார். "என்னா தம்பி, பேச வேண்டியதெல்லாம் பேசிட்டீங்களா?"

"ஒரு வார்த்தகூடப் பேசலைங்க," என்றான் நவநீதன், உண்மையாகவே.

"ரெண்டு மணி நேரமா என்னதான் பண்ணீங்க?" தங்கையா டீ கிளாஸோடு எழுந்து பேச்சியிடம் யானைக் கதை சொல்லப் போய்விட்டார்.

இப்போது பேசலாம். நவநீதன் சட்டைப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து மேசையில் வைத்தான்.

"ஒண்ணு சொல்லிடறேனுங்க. எனக்கு இந்த மலை ரோடு ஒத்துக்காது. வரும்போது நாலாவது வளைவுலயே பஸ்ஸுல வாந்தி எடுத்துட்டேன்."

"நானும் ஒண்ணு சொல்லிடறேங்க," என்றாள் ரஞ்சனி. "ஃபேக்டரி வேலைய விட மாட்டேன். மேட்டுப்பாளையம் வெயில்ல என்னால ஒரு நாள்கூடத் தாங்க முடியாது."

"அப்ப எங்க குடியிருக்கறது?"

"நீங்கதான் சொல்லணும்."

"நடுவுல எங்கயாச்சும்..."

"நடுவுல வெறும் காடுங்க."

அவன் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டே ஆழ்ந்து யோசித்தான். கோத்தகிரிக்குச் சற்றுக் கீழே அரவேணுவில் வாடகைக்கு வீடு கிடைக்குமா, காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு, வாந்தி வராமலிருக்க எந்த மாத்திரை நல்லது, அது தூக்கம் வரவழைக்காத மாத்திரையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொன்னாள். முன்சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வராது என்றாள். அது வெறும் நம்பிக்கை என்றான். மலை ஏறும்போது காது அடைப்பது பற்றி ஒரு தகராறு. டீ ஆறிப்போயிற்று. மேட்டுப்பாளையம் போக வேண்டிய ஒரு பஸ் தவறியது, அடுத்ததும் தவறியது. எதுவும் முடிவாகவில்லை. அடுத்த ஞாயிறு மிச்சத்தைப் பேசுவது என்று மட்டும் முடிவானது, எந்த வண்டியும் இல்லாத இடத்தில்.

கோத்தகிரிக்குத் திரும்பும் பஸ்ஸில் ரஞ்சனி மாமாவுக்கு ஜன்னல் சீட்டை விட்டுக் கொடுத்தாள். இரண்டு வளைவு தாண்டியதும் சொன்னாள்.

"மாமா, அம்மாகிட்ட சொல்லிடுங்க. எனக்குச் சரி."

"ஒரு வார்த்த பேசலேன்னு அந்தத் தம்பி சொன்னிச்சே?"

"அதுக்கு முன்னாடியே பேசிட்டமுங்க மாமா."

தங்கையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மருமகளின் முகத்தை நன்றாகப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் யாரைப் பற்றியும் இப்படிச் சொன்னதில்லை. குல்லாவை இறுக்கிக்கொண்டு, போனை எடுத்து, பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். "கருப்பம்மா! கேக்குதா? பேசி முடிச்சாச்சு!"