சண்முகரத்தினத்தாரின் பிறபொருளெதிரி

தீவுக் கிராமமான சுருவிலில் கொரோனா நுழையாத ஒரே வீடு தன்னுடையதுதான் என்று சண்முகரத்தினத்தார் சொல்லிக்கொண்டு திரிந்தார். போன வருடம் பக்கத்து ஊர் மண்கும்பானில் ஒரு கலியாண வீட்டால் வந்து, இரண்டு கிழமை பின்னறையில் மூச்சுக்கு இழுபட்டது வேறு கதை. அது பழைய தொய்வு இழுப்பாம். நெஞ்சு தடவிய மனைவி பத்மாசனிக்கோ அதோடு மணமே தெரியாமல் போய்விட்டது. கறி அடிப்பிடித்தால், கவனமில்லை என்று பேச்சும் வாங்கினாள்.

அப்போது அவரைப் பார்க்க வந்த அவளின் தமையன் கனகசபைக்கு நாலைந்து நாளில் காய்ச்சல். சுகாதாரப் பரிசோதகர் வந்து வாகனத்தில் ஏற்றிப்போனார். ஊருக்குக் கொரோனா வருத்தம் கொண்டுவந்தவன் கனகசபைதான் என்று சண்முகரத்தினத்தார் கடைவாசலில் தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து தமையன் வீட்டு வாசல் படலை தாண்டக்கூடாது, தீபாவளிக்கும் தாண்டவில்லை. பத்மாசனிக்கு உண்மை தெரியும். புருசனைப் பொய்யனாக்கிவிட்டு அந்த வீட்டில் எப்படி உலை வைப்பது?

இப்படியிருக்க, சிவதர்சினி என்ற ஆராய்ச்சிக்காரப் பிள்ளை சனசமூக நிலையத்துக்கு இரத்தம் எடுக்க வந்தாள். வருத்தம் வந்து மாறியவர்களுக்குத்தான் அழைப்பு. வருத்தமே வராத சண்முகரத்தினத்தாரும் மனைவியோடு போய், கனகசபைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அவரில்லாமல் ஊரில் கூட்டம் ஏது?

பிள்ளை விளங்கப்படுத்தினாள். கிருமியைப் பிடிக்க உடம்பு செய்கிற பிறபொருளெதிரியின் காம்பில் சின்னச் சீனிச் சரங்கள் தொங்குமாம். நாங்கள் தேத்தண்ணிக்குப் போடுகிற சீனியல்ல. அதில் பியூக்கோசு என்ற ஒன்று குறைந்தால் உடம்பின் காவல் உயிர்க்கலங்கள் அதை இறுக்கிப் பிடித்து, அளவுக்கு மீறிக் கொதிக்குமாம். கடுமையாக வருத்தம் வந்தவர்களில் அப்படிக் கூடுதலாகக் கண்டிருக்கிறார்களாம்.

"அப்ப என்னை மாதிரி லேசா வந்த ஆக்களின்ரை?" என்றார் கனகசபை.

"அது பெரும்பாலும் அடக்கமா நிக்கும், ஐயா."

"மற்றது சண்டைக்காரச் சாமானோ, பிள்ளை?" என்று சண்முகரத்தினத்தார் இடையில் புகுந்தார்.

"ஓம். வீட்டுக்காரனையும் சேர்த்து அடிக்கிற சண்டைக்காரன்."

அவர் காதில் முதற்சொல் மட்டும்தான் ஏறியது. மச்சானுக்கு அடக்கமானது, அப்படியென்றால் சண்டைக்காரன் யாருக்கு இருக்கவேண்டும்? எழும்பிச் சேட்டுக் கையைச் சுருட்டினார்.

"என்ரை இரத்தத்தை முதல் எடும். எனக்கு வந்தமாதிரி இந்தத் தீவிலை ஒருத்தருக்கும் வரேல்லை. மண்கும்பான் கலியாணத்தோடை படுத்தனான், ரெண்டு கிழமை செத்துப் பிழைச்சனான். மனிசியைக் கேளும்."

பத்மாசனி ஆற அமர எழும்பினாள்.

"ஓம் பிள்ளை. அண்ணை இவரைப் பாக்க வந்தது அதுக்குப் பிறகுதான்."

பின்வரிசையில் யாரோ செருமினார்கள். சிவதர்சினி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினாள்.

"அந்தச் சீனி வித்தியாசம் வருத்தம் வந்த புதிசிலைதான் நல்லாத் தெரியும், ஐயா. இப்ப பாத்துச் சொல்ல ஏலாது. பிறபொருளெதிரி எவ்வளவு மிஞ்சியிருக்கு எண்டதைத்தான் பாக்க வந்தனாங்கள்."

சுருட்டிய கையோடு நின்ற சண்முகரத்தினத்தாரைக் கனகசபை மேலும் கீழும் பார்த்தார்.

"தொய்வு இப்ப எப்பிடி, மச்சான்?"

பத்மாசனி புருசனின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணை, மத்தியானச் சாப்பாடு எங்கடை வீட்டிலை. நேரத்தோடை வாங்கோ. கறி அடிப்பிடிச்சால் மணந்து சொல்ல ஒராள் வேணும்."