தலைவரின் இடது தோள்

பாதி மீசை என்ன விலை போகும்? ஏறாவூர்த் தையல்காரர் மஜீட்டைக் கேட்டால் ஐந்து வருடப் பொறுமை என்பார். அதற்குக் கீழே இறங்கமாட்டார்.

அறுபத்தேழில் அவருடைய கடைச் சுவரில் சீன ஜனாதிபதி லியூ சாவோசியின் படம் போட்ட பழைய கலண்டர் தொங்கியது. பீக்கிங்கில் லியூ துரோகியாகிவிட்ட சேதி மஜீட்டுக்குக் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. பிந்திய குற்றத்துக்கு, சீனச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சியின் மட்டக்களப்புக் கிளைச் செயலாளர் ஹெக்டர் அவரைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்தி, அவருடைய கத்தரிக்கோலாலேயே மீசையில் பாதியை நறுக்கினார்.

"பீக்கிங்கில துரோகிகளுக்குப் பாதித் தலையையே வழிக்கிறாங்க. உமக்குச் சலுகை காணும்!" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார்.

மஜீட் கட்சியை விட்டுப் போகவில்லை. பாக்கி வரவேண்டிய ஊரை விட்டு எந்த வியாபாரி கிளம்புவான்?

எழுபத்திரண்டு ஆடியில் ஹெக்டரே முழு மீசையோடும் ஒரு பொட்டலத்தோடும் கடைக்கு வந்தார். உள்ளே, அவர் பீக்கிங் போனபோது கிடைத்த பட்டுப்படம். மாவோவும், அவருக்குப் பிறகு ஆளப்போகிறவர் என்று சொல்லப்பட்ட லின் பியாவோவும் தோளோடு தோள் நிற்பதாக நூலிலேயே நெய்தது. அந்த லின், மாவோவைக் கொல்லச் சதி செய்து, தப்பியோடும்போது விமானம் விழுந்து செத்தான் என்று றேடியோ சொன்ன சூடு இன்னும் ஆறவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை கொழும்புத் தோழர்கள் வாறாங்க மஜீட். படம் எங்க எண்டு கேப்பாங்க. லின்னை மட்டும் எடுத்துத் தாரும்."

"எடுக்கலாம். ஆனா இவன்ட கை தலைவர்ட இடது தோளுக்கு மேல கிடக்கு. இவன வெட்டினா அவர்ட தோளும் போகும்." மஜீட் துணியில் கோடு போடும் சோக்கட்டியை நீட்டினார். "நான் பழைய துரோகி தோழர். கோட்ட நீங்களே போடுங்க."

பக்கத்துப் புடைவைக் கடை அப்துல் கபூர் எட்டிப் பார்த்தார். "என்ன மஜீட், தலைவருக்கு அளவெடுக்கிறீங்களோ?"

"இல்ல கபூர் காக்கா, குறைக்கிறம்" என்றார் மஜீட்.

கபூர் பார்த்துக்கொண்டு நிற்க, ஹெக்டர் மாவோவின் தோளுக்குக் குறுக்கே கோடு இழுத்தார். மஜீட் ஒரு நூல் விலகாமல் வெட்டினார். ஒற்றைத் தோள் மாவோவைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டு, லின்னும் தலைவரின் தோளும் கிடந்த மற்றத் துண்டை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார்.

"அதையும் தாரும். எரிக்க வேணும்."

"வெட்டு விழுந்த துணி தையல்காரனுக்கு. ஊர் வழக்கம்தானே? ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நானே கொண்டு வாறன். தோள வெட்டச் சொல்லிக் கோடு போட்டது ஆர் எண்டு கபூர் காக்கா சொல்லுவாரு."

ஹெக்டர் சட்டைப்பையைத் துழாவினார். "கூலி எவ்வளவு? நூறு ரூபா தாறன்."

"காசு வேணாம். என்ட பக்கம் வரவு, துரோகி ஒண்டு, தலைவர்ட தோள் ஒண்டு. உங்கட பக்கம் பாக்கி, பாதி மீசை. தவணை ஞாயிறு வரைக்கும்."