முகம் திருப்பிய சொல்

இன்னும் இரண்டு மணி நேரத்தில் கண்காட்சி திறந்துவிடும், அம்மா அதற்குள் வந்து கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள், நானோ மை காயாத தாளோடு நிற்கிறேன், ஒரே ஒரு சொல் திரும்பி விழுந்திருக்கிறது... ‘எந்த மதத்தையும் ஏற்கவும் மாற்றவும் விடவும் எவருக்கும் உரிமை உண்டு.’ அச்செடுக்கும் லினோ பலகையில் எழுத்தை இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும், தெரியாததா எனக்கு, மற்ற சொற்கள் ஒழுங்காகத்தானே இருக்கின்றன, ‘விடவும்’ மட்டும் பலகையில் என்னைப் பார்த்து நேராக நிற்கிறது, கை ஏன் அதை மட்டும் அப்படி வெட்டியது, நான் மட்டும் படித்தால் போதும் என்றா? பட்டறை அக்கா எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். “கண்ணாடிக்கே கண்ணாடி காட்டிட்டியா? போகட்டும், வேற வெட்ட நேரமில்ல, இப்படியே மாட்டிடலாம்.” மாட்டிக்கொண்டது நான்தான் அக்கா...

கல்லூரியில் இடக்கை மூலக்கூறு, வலக்கை மூலக்கூறு என்று படித்தோம், அணுக்கள் அதேதான், கண்ணாடிப் பிம்பம்தான், ஆனாலும் உடம்பு ஒன்றை ஏற்கும், மற்றதைத் தள்ளிவிடும், வீடும் அப்படித்தானோ... மாலையில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கண்மூடும்போது என் உதடும் அசையும், வேண்டுதல் இல்லை, தனிம அட்டவணை, ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என்று, கால்சியம் வருவதற்குள் மற்றவர்கள் வேண்டி முடித்துவிடுவார்கள், “எப்படி உருகுறா பாரு என் பொண்ணு” என்பாள் அம்மா அப்பாவிடம், அந்தப் பெருமையைப் பார்த்தபிறகு எப்படி வாய் திறப்பது? சித்தி மகன் மதத்தை விட்டுவிட்டான் என்று தெரிந்த அன்றே கூடத்தில் இருந்த அவன் படத்தை அம்மாதான் கழற்றினாள், ஆணி இன்னும் அங்கேயே இருக்கிறது, பக்கத்துப் படம் என்னுடையது... எவருக்கும் உரிமை உண்டு, சரி, அந்த ‘எவரில்’ நான் இருக்கிறேனா, ஊருக்கெல்லாம் அச்சடித்துக் கொடுப்பவள் ஒரு நாற்காலியைத் தாண்டி வெளியே போக முடியாமல்...

அம்மா எழுந்து வருகிறாள். “நல்லாத்தான்டி பண்ணியிருக்க. ஆமா, இது என்ன, ஒண்ணு மட்டும் முகத்தைத் திருப்பிக்கிட்டு நிக்குது?” தப்பாக விழுந்துவிட்டது என்று சொல்லலாம், அது பொய்கூட இல்லை, ஆனால் அவள் கைப்பையிலிருந்து சின்னக் கண்ணாடியை எடுத்துவிட்டாள், தாளோரம் பிடித்துக்கொண்டு எழுத்துக்கூட்டுகிறாள். “வி... ட... வும். விடுறதா? பெத்தவங்க கொடுத்ததை யாருடி விடுவா?” சிரித்துக்கொண்டேதான் கேட்கிறாள், கண்ணாடி லேசாகச் சாய்கிறது, அதில் இப்போது சொல் இல்லை, என் வாய் இருக்கிறது, அவள் அதையே பார்க்கிறாள், இத்தனை மாலைகளும் கண்ணை மூடாமல் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாளோ... உதடு அசைகிறது, இந்த முறை சத்தம் வருகிறது.

“நான்தான்மா. விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு.”