செம்புக்கு மேலே இரண்டடி

எங்கள் கிணற்றிலிருந்து வெள்ளானூர்த் தெருக்குழாய்க்குத் தண்ணீர் விடுவது என் அப்பா கொடுத்த வாக்கு. முப்பது வருஷம் தவறாத அந்த வாக்கு எண்பத்தேழாம் வருஷக் கோடையில் தவறியது.

விடியற்காலையில் மோட்டார் ஒழுங்காக இறைக்கும். பத்து மணிக்கு மேல் இருமும், குழாயில் காற்று சீறும், தண்ணீர் நின்றுவிடும். கிணற்றை எட்டிப் பார்த்தால், உறிஞ்சும் குழாயின் வாய்க்கு மேல் ஒரு முழம் தண்ணீர் நிற்கிறது. ஆவடியிலிருந்து வந்த மெக்கானிக் எல்லாவற்றையும் பிரித்து மாட்டினான். எங்கும் கசிவில்லை என்றான். தண்ணீரும் இருக்கிறது, மோட்டாரும் பழுதில்லை. பின் என்னதான் குறை? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தெருக்குழாயடியில் குடத்தோடு நின்ற எல்லம்மா முகத்துக்கு நேரே கேட்டாள். "தண்ணி உங்க தோட்டத்துக்கு மட்டும் வழி தெரிஞ்சிகினு போவுதா, அண்ணாத்தே?"

எங்கள் வீட்டைப் பார்த்து அப்படி ஒரு சொல்லை அதுவரை யாரும் சொன்னதில்லை.

ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் மாப்பிள்ளை மணவாளன், முத்தாபுதுப்பேட்டை குவார்ட்டர்ஸிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தார். மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, கையளவு மோட்டார், ஒரு பிடி மரத்தூள் கொண்டுவந்து களத்தில் வைத்தார். திருட்டுப் பழி போகவேண்டுமென்று தெருவையே கூப்பிட்டேன், எல்லம்மா உட்பட.

தொட்டி நிறைந்திருந்தபோது மோட்டார் ஓடியும் தூள் அசையவில்லை. தண்ணீரைக் குறைத்தார். தூள் மெல்லச் சுழன்றது. நடுவில் ஒரு குழி விழுந்து, நூலாக நீண்டு, குழாயின் வாயைத் தொட்டது. மோட்டார் இருமியது, எங்கள் மோட்டாரைப் போலவே.

"சுழி வழியா காத்தைக் குடிக்குது, மாமா. வாய் இன்னும் ரெண்டடி கீழ இருக்கணும். இவ்ளோ மேல யார் தூக்கினாங்க?"

தை மாதம் தூர் வாரியபோது தூக்கச் சொன்னவன் நான். கிணறு வெட்டிய அன்று கங்கையம்மனுக்கென்று என் அம்மா இறக்கிய செம்பு அடியில் இருக்கிறது. குழாய் அதன் தலைமேல் உட்கார்ந்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

சொன்னால் தெருவைத் தவிக்கவிட்டவன் ஆவேன், சொல்லாவிட்டால் திருடன். இதில் எது மானம் என்று புரியாமல் நின்றேன்.

"நான்தான்" என்றேன். செம்பைப் பற்றியும் சொன்னேன்.

எல்லம்மா குடத்தை இடுப்பு மாற்றினாள். "செம்பு ஒரு சாண். கெணறு அம்மாம் பெர்சு. கொயாய நாலடி தள்ளி எறக்கினா இன்னா, அண்ணாத்தே?"

மாப்பிள்ளை தொட்டிக்குள் குனிந்து தூளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நாலடி தள்ளி இறக்கினோம். மதியம் தாண்டியும் தண்ணீர் வந்தது. தள்ளி இறக்கலாமென்று ஏன் எனக்குத் தோன்றவில்லை என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.